அத்தான் பாதி இராவிய இரும்பு

என் அக்காவின் கணவர் இறந்தபோது ஓர் இரும்பைப் பாதி இராவி வைத்துவிட்டுப் போனார். வேறு யாராக இருந்தாலும் பாதி கட்டிய வீடு, பாதி வளர்த்த பிள்ளை என்று ஏதாவது கௌரவமாக விட்டுப் போயிருப்பார்கள். எங்கள் அத்தான் விட்டுப் போனது, பழைய கைலியில் சுற்றிச் சமையலறை சிங்க்கின் அடியில் வைத்திருந்த ஒரு மேனிஃபோல்டு.

மேனிஃபோல்டு என்றால் பயப்பட வேண்டியதில்லை. எஞ்சினின் நான்கு சிலிண்டர்களிலிருந்து வெளியேறும் சூடான புகையை நான்கு குழாய்களில் வாங்கி, ஒன்றாகச் சேர்த்து, டர்போவின் வாயில் கொண்டுபோய் விடுகிற வார்ப்பிரும்பு. அந்தப் புகையின் வேகத்தில்தான் டர்போவுக்குள் இருக்கும் சின்னச் சக்கரம் சுழல்கிறது. அது சுழன்றால்தான் எஞ்சினுக்குக் கூடுதல் காற்று, காருக்குக் கூடுதல் இழுவை. ஆனால் வார்த்த இரும்பின் உள்பக்கம் சொரசொரவென்று இருக்கும். வளைவில் ஒரு மேடு, எஞ்சினோடு சேரும் இடத்தில் ஒரு படி. புகை அதிலெல்லாம் முட்டி மோதி, சூடும் வேகமும் குறைந்து, சோர்ந்துபோய் டர்போவுக்கு வந்து சேர்கிறது என்பது அத்தானின் மனக்குறை. ஊரில் மற்றவர்கள் விலைவாசியைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். அவர் புகையைப் பற்றிக் கவலைப்பட்டார்.

அதனால் தன் காருக்குப் பொருந்துகிற இன்னொரு மேனிஃபோல்டைத் தேடி வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பினாங்குத் தீவில், பாயான் பாரு அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் உட்கார்ந்து, கை கிரைண்டரால் அதன் உள்பக்கத்தை இராவிக்கொண்டிருந்தார். கொழுந்தியாள் உரிமையில் நான் போகும்போதெல்லாம் வம்புக்கு இழுப்பேன்.

“இப்படிக் கண்ணாடி மாதிரி தேய்ச்சி என்ன பண்ணப் போறீங்க அத்தான்? பொக மூஞ்சி பாக்கவா?”

“நீ ஒன் பெக்டரி போர்ட எண்ணுலா. பொகய நான் பாத்துக்கறேன்.”

நான் கடலுக்கு அந்தப் பக்கம், பிறை என்கிற ஊரில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுவதும் சர்க்யூட் போர்டுகளைப் பெரிதாக்கிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது என் பிழைப்பு. வீட்டுக்கு வந்தும் அதே புத்திதான் என்று அக்கா சொல்வாள்.

ஒரு நாள் அத்தான் வேலை செய்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. அவருக்கு அது சாகிற வயதே இல்லை. பிள்ளைகளும் இல்லை. அக்காவைத் தனியாக விட முடியாது என்று என் சாமான்களைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கே வந்துவிட்டேன். அவளுக்கும் பிறையில்தான் வேலை, வேறொரு கம்பெனியின் கணக்குப் பிரிவில். அத்தானின் காரை நான் ஓட்ட, காலையில் கடல்மேல் போகிற பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் போவோம்; சாயங்காலம் பாலத்தைக் கடந்து இந்தப் பக்கம் வருவோம். வழியில் நான் பேசுவேன். அவள் “ம்” கூடச் சொல்ல மாட்டாள். சோற்றைப் பிசைவாள், சாப்பிட மாட்டாள். அவளும் போய்விடுவாளோ என்ற பயம் எனக்கு அப்போதே பிடித்துக்கொண்டது.

மாதங்கள் கழித்து ஒரு நாள், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குனிந்து அந்தக் கைலி மூட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“வருஷத் திதிக்குள்ள இத முடிச்சி அவரு காடில மாட்டிரு. பாதில நிக்குதுன்னு அவரு மனசு இங்கயே கெடக்கும்.”

எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனால் அவர் போன பிறகு அக்கா வாய் திறந்து கேட்ட முதல் காரியம் அதுதான். அவள் கேட்டிருந்தால் ஊரிலேயே உயரமான கொம்தார் கட்டடத்தையே இராவியிருப்பேன்.

நான்கு குழாய்களில் இரண்டை அவர் முடித்திருந்தார். விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளரின் உள்பக்கம் போல வழவழவென்றிருந்தது. அவற்றை நான் தொடவில்லை. மற்ற இரண்டின் வாயிலும் எதுவரை இராவ வேண்டும் என்று நீல மையால் கோடு போட்டு வைத்திருந்தார். முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, அவர் உட்கார்ந்த அதே பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரம்பித்தேன்.

அவர் இடது கைக்காரர். அதனால் அவருடைய கிரைண்டர் விட்டுப்போன மெல்லிய கீறல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். நான் வலது கைக்காரி. மூன்றாவது குழாயை முடித்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தபோது, என்னுடைய கீறல்களும் அவருடையவை சாய்ந்த பக்கமே சாய்ந்திருந்தன. குழாயின் வளைவு அப்படி, கை அப்படித்தான் போகும் என்று சொல்லிக்கொண்டேன். ஆனாலும் நான்காவது குழாயை அன்றைக்குத் தொடவில்லை.

பிறையில் ஒரு பட்டறை அண்ணன் இருக்கிறார். அத்தானின் பழைய சினேகிதர். அவர்தான் பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினார். மாட்டுவதற்கு முன், சூடு வெளியே போகாமல் அப்படியே டர்போவுக்குப் போகட்டும் என்று, தீக்காயத்துக்குக் கட்டுப்போடுவது போல நான்கு குழாய்களையும் ஒரு நாடாத் துணியால் இறுக்கிச் சுற்றினோம். அதுவும் அத்தான் வாங்கி வைத்திருந்ததுதான். எஞ்சின் அறையின் சூடு வெளியேற அவர் முன்பே ஒரு வழி செய்திருந்தார்: போனட்டின் பின்பக்கத்தில், முன் கண்ணாடிக்குக் கீழே, கீல்களுக்கடியில் வாஷர்களைக் கொடுத்து விரல் நுழைகிற அளவுக்குத் தூக்கி விட்டிருந்தார். ஊரில் கார்ப் பைத்தியங்கள் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

முதல் முறை ஓட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முன்பெல்லாம் ஆக்சிலேட்டரை அழுத்தினால் கார் யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். இப்போது யோசனையே இல்லை. கால் படும்போதே அந்த மெல்லிய விசில் சத்தம் எழுந்து கார் இழுத்துக்கொண்டு போனது. புகைக்கு நல்ல வழி கிடைத்துவிட்டது. இதைக் கேட்காமல் போய்விட்டாரே மனுஷன் என்று அடுத்த நிமிடமே தோன்றியது. அக்கா சொன்னபடி நேராகத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய், அடிவாரத்தில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

அதன்பின் சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. விசிலைக் கேட்கும் ஆசையில் என் பக்கத்து ஜன்னலை எப்போதும் கொஞ்சம் இறக்கிவிட்டே ஓட்டுவேன்.

பிறகு அந்த உச்சுக் கொட்டும் சத்தம் வந்தது.

அத்தானுக்கு ஒரு பழக்கம். கார் ஓட்டும்போது யாராவது குறுக்கே புகுந்தால் திட்ட மாட்டார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி “ச்சு, ச்சு” என்று உச்சுக் கொட்டுவார், அவ்வளவுதான். ஒரு நாள் காலை பாலத்தில் ஜாம். ஒரு லாரி எங்களுக்கு முன்னால் மூக்கை நுழைத்தது. நான் பிரேக்கை விட்டு மறுபடி ஆக்சிலேட்டரைத் தொட்டேன். காரின் முன்பக்கத்திலிருந்து, மிகச் சன்னமாக, “ச்சு, ச்சு, ச்சு” என்றது.

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் முகத்தில் பயம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் முகம் மலர்ந்திருந்தது.

வண்டி நன்றாகச் சூடேறிய பிறகுதான் அது கேட்கும். வீட்டுக்குக் கீழே கிளம்பும்போது கேட்காது. சத்தத்தோடு ஒரு வாடையும் லேசாக வந்தது, பச்சைப் புகை வாடை. “வந்திருக்காரு” என்றாள் அக்கா, விருந்தாளியைச் சொல்வது போல. அவர் ஒளிந்து ஒளிந்து சிகரெட் பிடித்தவர் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் படத்துக்குச் சாம்பிராணி காட்டிவிட்டு, தூபக்காலை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு லிப்டில் இறங்கிப்போய், காருக்குள்ளும் காட்டினாள். கதவுகளைச் சாத்தி, புகை உள்ளேயே நிற்கட்டும் என்று பக்கத்தில் காத்துக்கொண்டு நின்றாள். கீழே வண்டி நிறுத்துகிற சீனக் கிழவர் என்னிடம், உங்கள் கார் எரிகிறது என்று வந்து சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. தினமும் காலையில் சாம்பிராணி. சீட்டுத் துணி, கூரை, சீட் பெல்ட், என் ஆபீஸ் பை எல்லாவற்றிலும் அது ஏறிவிட்டது. என் சூப்பர்வைசர் மூக்கை உறிஞ்சிவிட்டு, வீட்டில் தினமும் பூஜையா என்று கேட்டாள்.

எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. பாலத்தைத் தாண்டும்போது நெற்றியைக் கயிறு போட்டு இறுக்குவது போல வரும். வேலை இடத்தில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் போய்விடும். எல்லாம் இந்தச் சாம்பிராணியால்தான் என்று முடிவு கட்டினேன். ஏ.சி. உள்காற்றையே சுற்றிச் சுற்றி விடுவதால்தான் வாடை போகவில்லை என்று, வெளிக்காற்றை எடுக்கும்படி பொத்தானை மாற்றி வைத்தேன். குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

ஒரு நாள் சாயங்காலம் அக்கா முன் கதவைத் திறக்காமல் பின் கதவைத் திறந்து ஏறினாள்.

“ஏன் பின்னுக்குப் போற? நான் என்னா ஒனக்கு டாக்சி டிரைவரா?”

“சும்மாலா. நீ ஓட்டு.”

கண்ணாடியில் பார்த்தேன். இடது ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள், இன்னொருவருக்கு இடம் விட்டது போல. பிறகு பக்கத்து சீட்டின் பெல்ட்டை இழுத்தாள். யாரும் இல்லாத அந்த இடத்தின் குறுக்கே கொண்டுவந்து கொக்கியில் மாட்டினாள். அவர் பெல்ட் போடச் சோம்பேறி. அவர் உயிரோடு இருந்தபோதும் அவள்தான் எட்டி மாட்டிவிடுவாள். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். பாலத்தின் பாதியில் பேச ஆரம்பிப்பாள். என்னிடம் இல்லை. தணிந்த குரலில், கடையில் மீன் என்ன விலை, ஆபீஸில் யார் யாரோடு சண்டை, மழை வந்தால் துணி நனைந்துவிடுமே என்று. நடுநடுவே நிறுத்திக் கேட்பாள். பிறகு சிரிப்பாள். பதில் எனக்குக் கேட்காது. முன்னாலிருந்து அந்த உச்சுக் கொட்டுதல் மட்டும் கேட்கும்.

பட்டறை அண்ணனிடம் காரைக் கொண்டுபோனேன். ராத்திரி முழுவதும் அங்கேயே நிறுத்தி வைத்து, காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது இணைப்புகளிலெல்லாம் சோப்புத் தண்ணீர் தெளித்து, குழாயில் காற்றடித்துப் பார்த்தார். எங்கும் ஒரு குமிழிகூட வரவில்லை.

“ஒண்ணும் இல்ல தங்கச்சி. எல்லாம் டைட்டா இருக்கு.”

“அப்ப அந்தச் சத்தம்?”

அவர் கையைத் துடைத்துக்கொண்டே போனட்டைப் பார்த்தார். “அவரு ஆசையா வெச்சிருந்த காடி. ஒரு வருஷம் ஆவல இன்னும். சுத்திட்டுத்தான் போவாங்க.”

சொல்லிவிட்டு உள்ளே போய், எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கயிற்றைக் கொண்டுவந்து முன்னால் கட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. காரைப் பார்க்கச் சொன்னால் கண்ணேறு கழிக்கிறார். ஆனால் கயிற்றை அவிழ்க்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காரை விற்றிருக்கலாம். பஸ்ஸில் போயிருக்கலாம். ஏன் செய்யவில்லை என்றால், அக்கா தேறிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டாள். காலையில் பவுடர் பூசி, பொட்டு வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் மறுபடி சுருண்டு படுத்துக்கொள்வாள்; பிறகு மத்தியானத்தில் எழுந்து வந்து, “சும்மா ஒரு ரவுண்ட் போயிட்டு வரலாமா?” என்று கேட்பாள். சரி என்றால் சின்னப் பெண் போல ஓடிப்போய்ச் சேலை மாற்றுவாள். ஒரு தடவை இறங்கும்போது கால் தள்ளாடிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு சற்றுக் குழறியது. “தூக்கம்” என்றாள். என் அக்காவை என்னிடமிருந்து யாரோ கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. யாரென்று மட்டும் யோசிக்க மறுத்தேன்.

மழை வந்தது. பினாங்கு மழைக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலை முடிந்து காரை எடுத்துப் பாலத்தில் ஏறும்போது முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. என் பக்கத்து ஜன்னலை முழுவதும் ஏற்றினேன். அந்த இரும்பை மாட்டியதிலிருந்து அதை நான் மூடி ஓட்டியதில்லை. பாலத்தின் நடுவில் ஜாம் அப்படியே நின்றுவிட்டது. எங்கோ முன்னால் விபத்தாக இருக்கும். கூரையில் மழை கொட்டுகிற சத்தம், வைப்பர் சத்தம், “ச்சு, ச்சு.” பின்னால் அக்கா பேசிக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தூக்கம் வருவது போல இருந்தது. இதமாக இருந்தது என்றே சொல்ல வேண்டும். அக்காவின் பேச்சு எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தேன். பின் சீட்டில் ஓர் ஆண் இருந்தார். முகம் தெரியவில்லை. எனக்கு முதுகைக் காட்டி, முழங்காலில் எழும்பி, பின் கண்ணாடி வழியாக நாங்கள் வந்த பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு எனக்குத் தெரிந்த முதுகு. எனக்கு பயமே வரவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது பயம் வருகிறது. “அத்தான், உக்காருங்க” என்று சொன்னேன். சத்தமாகச் சொன்னேனா என்று தெரியாது.

அப்போது டாஷ்போர்டில் டிங், டிங், டிங் என்று மணி அடித்தது. பின் சீட்டில் யாரோ பெல்ட்டைக் கழற்றிவிட்டார்கள் என்று சொல்கிற மணி.

அந்தச் சத்தம் ஊசி மாதிரி உள்ளே இறங்கியது. திரும்பினேன். பின் சீட்டில் யாரும் இல்லை. நடுவில் மாட்டியிருந்த பெல்ட் கழன்று சுருண்டு கிடந்தது. அக்கா தன் பெல்ட்டில் தொங்கியபடி கதவில் சாய்ந்திருந்தாள். வாய் திறந்திருந்தது. கூப்பிட்டேன். தொடையில் அடித்தேன். அசையவில்லை. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்ததால், வாந்தி எடுக்கத்தான், நான்கு ஜன்னல்களையும் இறக்கினேன். அவளைக் காப்பாற்ற என்று பொய் சொல்ல மாட்டேன். மழை உள்ளே அடித்தது.

காரை இடது ஓரத்துக்கு ஒடித்து நிறுத்தி, பின் கதவைத் திறந்து அவளை இழுத்தேன். என் கால்களில் பலம் இல்லை. இருவரும் ரோட்டில் விழுந்தோம். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்த மூன்று நான்கு பேர், மழைக்கோட்டோடு ஓடி வந்தார்கள். ஒருவர் ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். ஒருவர் தன் கோட்டைக் கழற்றி எங்கள் தலைக்கு மேல் பிடித்தார். இன்னொருவர் பிடிக்க வேண்டாம், காற்று படட்டும் என்றார். அவர் யாரோ, எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். முகத்தில் மழை விழுந்து விழுந்து அக்கா இருமினாள்.

ஆம்புலன்சில் முகமூடிக்குள்ளிருந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

“எறங்கிட்டாரு.”

ஆஸ்பத்திரியில் ஒரு மலாய் டாக்டரம்மா. விரலில் மாட்டிய கருவி எல்லாம் சரி என்றது. அவருக்கு அது போதவில்லை. இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வந்து, வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓட்டினீர்களா, கரி அடுப்பு மூட்டினீர்களா என்று கேட்டார். இல்லை, காரில் வந்தோம் என்றேன். அப்படியானால் அந்தக் காரில் இனி யாரும் ஏறக் கூடாது, கார்பன் மோனாக்சைடு, இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால் இருவரையும் எழுப்பியிருக்க முடியாது என்றார். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருந்தால் தலைவலி வரும், தள்ளாட்டம் வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காதில் கேட்கும் என்றும் சொன்னார்.

கார் இழுவை வண்டியில் பட்டறைக்குப் போனது. இந்தத் தடவை அண்ணன் நாடாத் துணியை அவிழ்த்தார். அடியில் இரும்பு சாம்பல் நிறத்தில் இருந்தது, கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு வெல்டிங் கேஸ் தீயால் சூடு காட்டினார். இரும்பு நிறம் மாற மாற, இரண்டாவது குழாயின் வளைவில் ஒரு மயிரிழை தோன்றி, மெல்ல வாய் திறந்தது. ஆறியதும் மூடிக்கொண்டது. காலையில் ஆறிய எஞ்சினில் சோப்புத் தண்ணீருக்கு அது ஏன் அகப்படவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

இரண்டாவது குழாய் அத்தான் இராவியது. மேட்டை எடுக்கிறேன் என்று, வளைவில் சுவரைக் காகிதமாக்கிவிட்டிருந்தார். நாங்கள் சுற்றிய துணி சூட்டைப் பூட்டி வைத்து அதைப் பிளந்துவிட்டது. அங்கிருந்து கசிந்த புகை அவர் தூக்கி வைத்த போனட்டின் இடுக்கு வழியாக மேலே வந்திருக்கிறது. ஏ.சி. வெளிக்காற்றை எடுக்கிற துளை சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது. வாடையைச் சாம்பிராணி மூடிவிட்டது. உச்சுக் கொட்டியது விரிசல்.

“ரொம்ப இழைச்சிட்டாருலா” என்றார் அண்ணன். பிறகு முன்னால் போய், தான் கட்டிய எலுமிச்சம்பழக் கயிற்றை அறுத்துக் குப்பையில் போட்டார். செத்த மனிதர் மேல் இவ்வளவு கோபம் வரும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் அக்கா அத்தனை பாசமாகப் பெல்ட் மாட்டிவிட்ட மனுஷன், தன் கையாலேயே இதைச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பட்டறையின் நடுவில் நின்றுகொண்டு அவரை வாய்விட்டுத் திட்டினேன்.

அந்தப் பெல்ட்டை யார் கழற்றியது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. அக்கா மயங்கிச் சாயும்போது அவள் கை பட்டிருக்கும். நான் திரும்பியபோது அவள் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. இருந்தாலும் அவள் கைதான் பட்டிருக்க வேண்டும்.

அக்கா வீடு திரும்பிய மத்தியானம், மேனிஃபோல்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, விரிசலைக் காட்டி, ஒன்று விடாமல் சொன்னேன். அவள் விரலால் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

“இது அவரு செஞ்சதா? நீ செஞ்சதா?”

“அவரு.”

“அப்ப அவருதான் கூப்புட்டிருக்காரு.”

விஷவாயு என்று நான் மணிக்கணக்கில் விளக்கியதெல்லாம் அவளுக்கு அவர் அனுப்பிய ஆளாகிவிட்டது. அவள் இரும்பை என் பக்கம் தள்ளினாள்.

“திரும்ப மாட்டிரு.”

“அக்கா! செத்துருவ!”

“நீ வர வேணாம். எனக்கு மட்டும் மாட்டிக் குடு. நான் சும்மா கீழ பார்க்கிங்ல உக்காந்துக்கறேன்.”

இதைத் தோசைக்குச் சட்னி கேட்பது போலக் கேட்டாள். நான் கத்தினேன். அழுதேன். அவரைக் கேவலமாகத் திட்டினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். அந்தப் பொறுமைதான் என்னைக் கொன்றது. இந்த இரும்பைக் கடலில் எறிந்தாலும் அவள் வேறு எதையாவது தேடிப் போவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கடைசியில் அவள் சொன்னாள், “நீயும்தானே பாத்த. ஆம்புலன்சுல பொலம்புன. அத்தான் உக்காருங்கன்னு.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

“பாத்தேன்.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கம் குனிந்தாள். கண்கள் பளபளத்தன. தன்னைப் போல இன்னொருத்தி கிடைத்துவிட்ட சந்தோஷம்.

“எப்புடி இருந்தாரு? என்ன சட்ட போட்டிருந்தாரு?”

“சட்டயெல்லாம் போடல. பனியன்தான். பால்கனில ஒக்காந்து இராவுவாருல்ல, அந்த ஓட்டப் பனியன்.”

“பனியனா?”

“ஆமா.”

“மூஞ்சி?”

“மூஞ்சி காட்டல. திரும்பி, பின் கண்ணாடி வழியா வெளிய பாத்துக்கிட்டு இருந்தாரு. முட்டி போட்டு.”

ஆபீஸில் இரண்டு கணக்குகள் ஒத்துப்போகாதபோது அவள் நெற்றியில் விழுகிற சுருக்கம் விழுந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அந்தச் சுருக்கத்தைப் பார்த்தேன்.

“எங்கிட்ட இருந்தவரு சட்ட போட்டிருந்தாருலா” என்றாள் மெதுவாக. “நீலக் கட்டம் போட்டது. பெல்ட்டு போட்டுக்கிட்டு, எம்பக்கம் திரும்பி, சிரிச்சிக்கிட்டே இருந்தாரு. மணியடிக்கிற வரைக்கும் எங் கையதான் பிடிச்சிருந்தாரு.”

அவள் இன்னொரு கையின் விரல்களை மடக்கி எண்ணினாள்.

“ஒரே சீட்டு. ஒரே நேரம்.”

“ம்.”

“ஒனக்கு ஒரு ஆளு. எனக்கு ஒரு ஆளு.”

அவள் கை மேசையில் கிடந்த இரும்பிலிருந்து விலகியது. சூடு பட்டது போலக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே யாரோ கார் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“அப்ப அவரு வரவே இல்ல.”

“இல்லக்கா.”

“அப்ப,” என்றாள். நிறுத்தினாள். இதுவரை யாரும் தன்னிடம் வந்து சொல்லாத ஒன்றை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறவள் போல என் முகத்தைப் பார்த்தாள்.

“அப்ப அவரு செத்துட்டாரா?”

“ஆமாக்கா” என்றேன். “செத்துட்டாரு.”